சந்தா கட்டியவர் முதலாளி ஆகிவிடுவாரா?

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாதம் ஒரு முறை 16 பக்கத்தில் ஊர்ப் பத்திரிகை ஒன்று நடத்துகிறேன். 600 பிரதி, ஆண்டுச் சந்தா 200 ரூபாய். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுத்தான் வருகிறது. இரண்டரை வருஷமாகக் கைக்காசு போட்டு ஓட்டுகிறேன். முதலில் கோயில் வரலாறு, பழைய சமையல், ஊர்ப் பெரியவர்கள் என்று எழுதினேன். இப்போது வாய்க்காலில் கலக்கும் சாக்கடை, குவாரி லாரி என்று எழுதுகிறேன். "இதுக்கா சந்தா கட்டுனோம்?" என்று சிலர் கேட்கிறார்கள். போன மாதம் ஊர் நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று எழுதிவிட்டேன். அது தவறு, மராமத்து வேலை மட்டும்தான். வாட்ஸாப்பில் போகும் பிடிஎஃப்பில் அந்த வரியை மாற்றிவிட்டேன், அச்சில் ஒன்றும் போடவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் 3,000 ரூபாயும் கொடுத்து, எழுதியும் கொடுத்த கட்டுரையை என் கட்டுரை போலவே போட்டேன். "உன் காசு, உன் பத்திரிகை, உன் இஷ்டம்" என்கிறான் நண்பன். "வாசகர்தான்டா முதலாளி" என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, நண்பர் சொல்வது பத்திரிகை அச்சுக்குப் போகும்வரை சரி. தபாலில் சேர்த்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது. மாமா சொல்வது எந்த நேரத்திலும் முழுசாகச் சரியில்லை, ஆனால் அவருக்கு எது உறுத்துகிறது என்பது எனக்கு விளங்குகிறது. என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். கதை என் மானத்தைக் கொஞ்சம் வாங்கும், பரவாயில்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. நான் அப்போது ஒரு நாளிதழின் நெல்லை அலுவலகத்தில் டெஸ்கில் இருந்தேன். மழைக்காலத்தில் நம் பக்கத்துப் பேப்பர்களில் தினமும் அணை நீர்மட்டம் வருவது உங்களுக்குத் தெரியும். பாபநாசம் 143 அடிக்கு இவ்வளவு, சேர்வலாறு 156-க்கு இவ்வளவு, மணிமுத்தாறு 118-க்கு இவ்வளவு. நிருபர் போனில் வாசிப்பார், நான் துண்டுத் தாளில் எழுதிக் கம்போஸுக்கு அனுப்புவேன். பத்திரிகை வேலையிலேயே சலிப்பான வேலை அது. எழுதியவன் பேர் வராது, ஒருத்தரும் பாராட்டிக் கடிதம் போடமாட்டார்கள். அன்றைக்கு மணிமுத்தாறு 86 அடி. நான் எழுதியது 68. புரூஃப் பார்த்ததும் நான்தான், விட்டதும் நான்தான். மறுநாள் சரியான எண் வந்துவிட்டது. நான் தப்புச் செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, அலுவலகத்துக்கு வந்தார். மணிமுத்தாறு கால்வாயில் மூன்றாவது ரீச்சில், அதாவது மூன்றாவது பகுதியில், அவருக்கு நிலம். அணையில் நன்றாகத் தண்ணீர் சேர்ந்தால்தான் அந்தக் கடைசி ரீச்சுகளை எட்டும் என்பதால், பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா வேண்டாமா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் யோசிப்பார்கள். இவர் தினமும் பேப்பர் வாங்குகிறவர் இல்லை. சந்தைக்கு வந்த அன்று டீக்கடையில் பார்த்தது அந்த ஒரே பேப்பர். 68 என்றதும் இந்த வருஷம் நமக்கு இல்லை என்று முடிவுகட்டி, வைத்திருந்த விதைநெல்லைப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் தண்ணீர் வந்தது. மறுபடி விதை தேடிப் பாவி நடுவதற்குள் பருவம் பிந்திவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து வேட்டி மடியில் வைத்திருந்தார், எடுத்து விரித்து அந்த எண்ணில் விரலை வைத்தார். அவ்வளவுதான். திருத்தம் போடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. போட்டேன். ஆறாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. ஒரு வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். "அண்ணாச்சி, தப்பு மூணாம் பக்கத்துல உச்சியில இருந்துச்சு. இதத் தேடிக் கண்டுபிடிக்கதுக்கே எனக்குக் கா மணி நேரம் ஆச்சு. தேடாதவன் என்னத்தப் பாப்பான்?" என்றார்.

அதற்கப்புறம் எதை எழுதினாலும் எனக்குள் ஒரு கேள்வி ஓடும்: இந்த வரியை நம்பி ஒரு மனுஷன் எழுந்து போய் என்ன செய்வான்? சில வரிகளை வாசித்துவிட்டு யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. 'பாபநாசத்து அருவியைவிட மணிமுத்தாறு அருவி அழகு' என்று நீங்கள் எழுதினால் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான். அது உங்கள் சுதந்திரம், மனம்போல எழுதுங்கள். இன்னும் சில வரிகளை வாசித்துவிட்டு ஒருவர் விதைநெல்லை விற்பார், மருந்தை நிறுத்துவார், ஒரு வீட்டில் பெண்ணெடுக்க யோசிப்பார், பக்கத்துத் தெருக்காரனை முறைப்பார். அங்கே நண்பர் சொல்லும் 'என் இஷ்டம்' செல்லாது.

உங்கள் நூலகச் செய்தியை இதில் வைத்துப் பாருங்கள். சின்ன விஷயம் என்றுதான் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஊர் நூலகத்தில் காலையிலேயே போய் உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும் இருப்பார்களே. அதில் ஒரு பிள்ளை 'அடுத்த மாதம் மூடிவிடுவார்கள்' என்று வாசித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் காசு கொடுத்து வேறு இடம் பிடித்திருந்தால்? அந்தக் காசு யார் கணக்கில் சேரும்?

பிடிஎஃப்பில் மட்டும் வரியை மாற்றியது எனக்குத் தப்பைவிடப் பெரிய தப்பாகப் படுகிறது. இப்போது உங்கள் பத்திரிகை இரண்டு விதமாக இருக்கிறது. 600 வீட்டில் இருக்கும் தாளில் நூலகம் மூடப்படுகிறது, போனில் இருக்கும் பத்திரிகையில் மராமத்து நடக்கிறது. உங்களை நம்பி ஒருவர் டீக்கடையில் "போட்டிருக்கான்யா, நான் பாத்தேன்" என்று வாதாடியிருப்பார். எதிராளி போனை எடுத்துக் காட்டினால் அவர் முகம் என்ன ஆகும்? நீங்கள் தப்பியதாக நினைத்துக்கொண்டீர்கள், பொய்யர் பட்டம் அவருக்குப் போயிருக்கிறது. திருத்துவது என்றால் பழைய வரி என்ன, புது வரி என்ன, எப்போது மாற்றினோம் என்ற மூன்றும் வாசகர் கண்ணில் பட வேண்டும். தப்பு வந்த பக்கத்திலேயே பட வேண்டும்.

சரி, இப்போது நண்பர் பக்கம் வருகிறேன். கோயில் வரலாற்றை விட்டுச் சாக்கடைக்கு வந்ததில் நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சந்தா கட்டியவர் வாங்கியிருப்பது பன்னிரண்டு இதழ். உங்கள் தலையை அவர் வாங்கவில்லை. 'கோயில் பத்திரிகை என்று நினைத்துக் கட்டினேன், இப்போது பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் மிச்ச மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் பாக்கி என்றால் நூறு ரூபாய். நூறு ரூபாயில் தீர்கிற பிரச்சினையைச் சுதந்திரமா பொறுப்பா என்று பெரிதாக்க வேண்டாம். திசை மாறியதை மட்டும் ஓர் இதழில் நாலு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். கேட்காமல் மாற்றியதைவிடச் சொல்லாமல் மாற்றியதுதான் அவர்களுக்குக் கோபம் என்று எனக்குப் படுகிறது.

இந்தச் சுதந்திரம் நம் சீமைக்காரர்களுக்கு லேசில் கிடைத்ததில்லை. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலியில் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மொழிபெயர்ப்பு வேலைதான் அதிகம். மனதில் இருந்த அரசியலை முழுசாக எழுத 1906-இல் வந்த 'இந்தியா' வார இதழ்தான் இடம் கொடுத்தது. பிற்பாடு, 1918-இல், புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூரில் கைது. விடுதலையாகி வந்து சேர்ந்தது செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். ஒரு வரி அச்சேறுவதற்கு முன் இன்னொருவர் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் மாமா சொல்வதுபோல் 600 பேரிடமும் 'சரி' வாங்கி எழுதினால் அதுவும் அந்த மாதிரிதான். ஒரு அதிகாரிக்குப் பதில் 600 அதிகாரி.

தென்காசிக்காரர் டி.எஸ். சொக்கலிங்கம் கதையும் சொல்ல வேண்டும். 1934-இல் தினமணி தொடங்கியபோது முதல் ஆசிரியர் அவர். 1943-இல் நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தார். கூடவே வந்தவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். அடுத்த வருஷம் 'தினசரி' என்று சொந்தமாக ஒரு பேப்பர். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பேப்பர் இன்னொருவருடையது என்றால் சுதந்திரத்துக்கு ஒரு கடைசிப் படி உண்டு, அதற்கப்புறம் வாசல்தான். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆசிரியரும் முதலாளியும் நீங்களே. ஒரு சங்கடம், தப்பு வந்தால் கை நீட்டிக் காட்ட மேலே ஒருத்தரும் இல்லை.

வாசகருக்குப் பணிந்து போக வேண்டிய ஓர் இடம் உண்டு. அது மொழி. காயாமொழிக்காரர் சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருக்கும் புரிகிற தமிழில், பேசுகிற மாதிரி, கொச்சையை மட்டும் எடுத்துவிட்டு எழுத வேண்டும் என்றார். படிப்பாளிகள் அந்தத் தமிழைக் கேலி செய்தார்கள், கேலி செய்தவர்களும் வாசித்தார்கள். உங்கள் சாக்கடைக் கட்டுரையில் 'உள்ளாட்சி நிர்வாகத்தின் மெத்தனப் போக்கு' என்று ஒரு வரி பார்த்தேன். எந்தத் தெருச் சாக்கடை, எந்த மடை பக்கத்தில் கலக்கிறது, எத்தனை நாளாக? அதைப் போடுங்கள். (திருநெல்வேலி என்று எழுத ஆரம்பித்ததும் அல்வா என்று எழுதுகிற பழக்கத்தையும் விடுங்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர் அப்பளத்தை விட்டுவிட்டு அல்வாவை எழுதுவது அடுக்குமா?)

மருந்துக் கட்டுரைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு வாங்கியது தப்பில்லை. பேப்பர் விலை, பிளேட், தபால் செலவு எல்லாம் எனக்குத் தெரியும், விளம்பரம் இல்லாமல் எந்த ஊர்ப் பத்திரிகையும் நிற்காது. உங்கள் பெயரில், உங்கள் எழுத்துரு அளவில், 'கட்டுரை' என்று போட்டதுதான் தப்பு. வாசகர் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது இதை எழுதியவருக்கு இதில் லாபமில்லை என்று நினைத்துத்தான் வாசிக்கிறார். அந்த நினைப்பை நீங்கள் 3,000 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள். அது உங்கள் சரக்கு கூட இல்லை, வாசகர் இரண்டரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடம் கொடுத்துவைத்தது. மேலே பெரிய எழுத்தில் 'விளம்பரம்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அதிலும் சர்க்கரையை அடியோடு போக்கும் லேகியம் என்று போட்டிருக்கிறீர்கள். 'விளம்பரம்' என்று போட்டாலும் இது செல்லாது. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. நீரிழிவு அதில் இருக்கிறது. கடைக்காரர் மட்டுமல்ல, விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுத்தவரும் அதில் வருவார். சட்டத்தை விடுங்கள். அதை வாசித்துவிட்டு யாராவது ஒரு பாட்டி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினாரா என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அந்தச் சம்சாரி வந்து சொன்னார். எல்லோரும் வந்து சொல்லமாட்டார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பிரஸ் மீட் முடிந்து வெளியே வரும்போது 'கவர்' கொடுக்கிற பழக்கம் இங்கே எத்தனை காலமாக உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் நானும் இரண்டு மூன்று முறை வாங்கியிருக்கிறேன். பெரிய தொகை இல்லை, பெட்ரோல் காசு. வாங்கிய அன்று எழுதியதில் பொய் ஒன்றும் இருக்காது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அது பேப்பரில் தெரியாது. தெரியாததால்தான் அது கெட்டது.

எழுதாமல் விடுவதும் ஆசிரியரின் உரிமைதான். நீங்கள் சினிமா பற்றி எழுதமாட்டேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. ஆனால் குவாரிக்காரர் பின்னட்டைக்கு விளம்பரம் தருகிறேன் என்று வந்து, அடுத்த மாதத்திலிருந்து குவாரி லாரி பற்றி உங்கள் பத்திரிகையில் பேச்சே இல்லை என்றால், அது விற்பனை. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் செத்த மாவட்டம் இது. குவாரியை நீங்கள் ஆதரித்து எழுதினாலும் எனக்குச் சம்மதம், எதிர்த்து எழுதினாலும் சம்மதம். பின்னட்டையில் அவர் விளம்பரம் இருக்கும்போது உள்ளே அவரைப் பற்றி எழுதினால், 'இவர் நம் விளம்பரதாரர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாசகர் அதற்கேற்ப உப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்.

இனி நீங்கள் கேட்காதது ஒன்று. முந்தைய இதழ்களைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. ஒரு குடும்பத் தகராறை 'பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று அடிக்குறிப்போடு எழுதியிருக்கிறீர்கள். தெரு பேர் இருக்கிறது, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது. சென்னையில் அது மறைப்பு. 600 பிரதி போகிற ஊரில் அது முகவரி. பெயரைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்த ஊரில் பெயரை மட்டும் மறைப்பது, கோழியைத் திருடிவிட்டு இறகைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. இங்கே 'அவர்களைப் பற்றியது உண்மைதானே' என்ற வாதமும் காப்பாற்றாது. நக்கீரன் இதழ் சம்பந்தப்பட்ட வழக்கில், அதுதான் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு வழக்கு, 1994-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் வெட்டுகிற மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னது. அதிகாரிகள் தங்களுக்கு அவதூறாக இருக்கும் என்று சொல்லி வெளியாவதற்கு முன்பே தடுக்க முடியாது. நீதிமன்ற ஆவணம் மாதிரிப் பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். ஆனால் ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும் சரி, பாராட்டி எழுதினாலும் சரி. அதிகாரி தன் பதவியில் செய்கிற காரியத்துக்கு இந்தத் திரை கிடையாது. பேரூராட்சியை நீங்கள் தாராளமாக எழுதலாம், துபாய்க்காரர் வீட்டை எழுதக் கூடாது.

அவதூறுச் சட்டத்திலும் இப்படித்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கிறது. அதன் முதல் விதிவிலக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறோமே என்று தெம்பாக இருக்காதீர்கள். மூன்றாம் மனிதர் ஒருவர் வாசித்தாலே அது வெளியீடுதான், நீங்கள் 600 பேருக்கு அனுப்புகிறீர்கள். 1867-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பருவ இதழ்களுக்கு 2023-இல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. விலை போட்டு, சந்தா வாங்கி, மாதாமாதம் வருகிற இதழை முறையாகப் பதிவு செய்துவிடுவது உங்களுக்கும் நல்லது.

சாதி விஷயம். இதில் எனக்கு நேர்க்கோடு கிடையாது, சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் தென்மாவட்டம் எரிந்துகொண்டிருந்தபோது எங்கள் டெஸ்கில் எழுதாத விதி ஒன்று இருந்தது. 'இரு தரப்பினரிடையே மோதல்', அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சாதிப் பெயரைப் போட்டால் அடுத்த ஊரில் பஸ் கண்ணாடி உடையும் என்று பயந்தோம், அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பல தடவை அங்கே இரண்டு தரப்பு மோதவே இல்லை, ஒரு தரப்பு அடித்தது, இன்னொன்று வாங்கியது. நாங்கள் 'மோதல்' என்று எழுதி அடித்தவனையும் வாங்கியவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கிற பையனையும் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதிப் பிரிவினையைப் பற்றி ஆராய நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. அந்தச் சம்பவத்தை 'மாணவர்களுக்குள் தகராறு' என்று எழுதினால் அது நடந்ததே வேறு என்று ஆகிவிடும். அதேநேரம் பைக் திருட்டில் பிடிபட்டவன் இன்ன சாதி என்று எழுதுவதில் விஷம் தவிர வேறு ஒன்றும் இல்லை. சாதி அங்கே காரணமா, இல்லை சும்மா ஓர் அடையாளமா? காரணம் என்றால் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும், நான் ரொம்ப நாள் 'இரு தரப்பினர்' என்று எழுதி யோசிப்பதிலிருந்து தப்பித்துக்கொண்டேன்.

நீங்கள் யாரைக் குறை சொல்லி எழுதுகிறீர்களோ அவரிடம் அச்சுக்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் சொல்லாவிட்டால் 'கேட்டோம், பதில் வரவில்லை' என்று போடுங்கள். வெளியான பிறகு மறுப்பு எழுதி அனுப்பினால் அதைப் போட்டே ஆக வேண்டும். பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கிற பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. அந்தக் கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது. மற்றபடி உங்களைத் திட்டி வருகிற எல்லாக் கடிதத்தையும் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல திட்டாக இரண்டைப் பொறுக்கிப் போடுங்கள், பத்திரிகைக்குக் களை வரும்.

கடைசிப் பக்கத்தில் அடியில் 'ஆசிரியர், வெளியிடுபவர்' என்று உங்கள் பெயர் வருகிறதே, அதை நீங்களே எப்போதாவது வாசித்ததுண்டா? 'இந்தியா' இதழில் அந்த இடத்தில் இருந்தது பாரதியின் பெயர் இல்லை. எம். சீனிவாசன் என்பவர் சட்டப்படி ஆசிரியராக இருந்தார். வ.உ.சி.யையும் சிவாவையும் 1908 மார்ச்சில் பிடித்து, திருநெல்வேலி கொந்தளித்து அடங்கி, சில மாதத்தில் அரசாங்கம் 'இந்தியா'மீது பாய்ந்தபோது, அந்தச் சின்ன எழுத்தில் இருந்த பெயருக்குரியவர் ஜெயிலுக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். பாரதியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அவர் அங்கே போயிராவிட்டால் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடியது நிறைய. ஆனால் அந்த நாலு பாயிண்ட் எழுத்து அலங்காரத்துக்கு இல்லை என்பது சீனிவாசனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த இதழில் நூலகச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், கட்டம் கட்டி இப்படிப் போடுங்கள்: 'சென்ற இதழில் நம் ஊர் நூலகம் மூடப்பட இருப்பதாக எழுதியிருந்தோம். அது தவறு. மராமத்து வேலை மட்டுமே நடக்கிறது. நூலகரிடம் கேட்காமல், காதில் விழுந்ததை வைத்து எழுதினோம். பிடிஎஃப் பிரதியில் இந்த வரியைச் சொல்லாமல் மாற்றியதும் தவறு.' அதற்குக் கீழே மருந்துக் கட்டுரை விளம்பரம் என்பதையும், அதற்கு 3,000 ரூபாய் வாங்கியதையும், அதை நம்பி யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்பதையும் போடுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள். கடைக்காரர் கோபப்படுவார், காசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு சந்தா எழுதிக்கொள்ளுங்கள், 200 ரூபாய் ஜிபேயில் அனுப்புகிறேன்.

அந்தச் சம்சாரியைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை ஐப்பசி பிறந்தால் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து ஒரு போன் வரும். பேர் சொல்லமாட்டார், குரலிலேயே தெரியும்.

"அண்ணாச்சி, மணிமுத்தாறு எவ்வளவு நிக்கி? பேப்பர்ல போட்டதச் சொல்லாதீய. ஆபீஸ் ரிஜிஸ்தர்ல இருக்கதச் சொல்லுங்க."